முட்டத்துக் காற்றில் கேஸ் கிரில் எத்தனை வருடம் தாங்கும்?

கேள்வி இது: குமரி மாவட்டத்து முட்டத்தில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. மச்சான் துபாயிலிருந்து கார்கோவில் போட்டு அனுப்பிய மூன்று பர்னர் கேஸ் கிரில் மொட்டைமாடியில் நிற்கிறது. தடிமனான உறை போட்டு மூடித்தான் வைத்திருக்கிறார்கள். பதினான்கு மாதத்தில் கால், கம்பி, திருகாணி எல்லாம் துரு ஏறிவிட்டது. ஒரு பர்னர் மஞ்சளாக எரிகிறது. "வெயில் தாங்காமல்தான் இப்படி ஆகிறதா? மேலே தகர ஷீட் போட்டால் சரியாகிவிடுமா?"

ஷீட் போடுங்கள் அண்ணாச்சி, அதனால் சில நன்மை உண்டு, பின்னால் சொல்கிறேன். ஆனால் இந்தத் துருவுக்கு வெயில் பொறுப்பில்லை. மூடியை இறக்கி மீன் சுடும்போது உள்ளே 250 டிகிரிக்கு மேல் போகிற அடுப்பு அது. நம் ஊர் மே மாத வெயில் 35-ஐ ஒட்டி நிற்கும். இரும்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. உங்கள் கிரில்லைத் தின்றது உப்பு. அது ஆற அமர உட்கார்ந்து தின்ன இலை போட்டுக் கொடுத்தது அந்தத் தடிமனான உறை.

சவுதியில் ஒன்பது வருடம் ஓட்டல் அடுக்களைகளில் கேஸ் லைன் வேலை பார்த்தவன் நான். ரியாத்தில் 45 டிகிரி வெயிலில் முற்றத்தில் திறந்து கிடக்கிற கிரில்கள் வருடக்கணக்காகப் பளபளப்புக் குறையாமல் நிற்கும். அதே மாடலை தம்மாமில் கடலோர வீடுகளில் இரண்டே வருடத்தில் அடிப்பெட்டி ஓட்டையாகிக் கழற்றிப் போட்டிருக்கிறேன். ரியாத்தில் வெயில் அதிகம், கடல் இல்லை. ஊருக்கு வந்து குளச்சல் பக்கம் வீடு, விடுதி என்று அடுப்பு பழுது பார்க்க ஆரம்பித்தால், தம்மாம் கதைதான் இங்கேயும்.

காரணத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாக வரும். கடற்காற்றில் வருவது வெறும் சாப்பாட்டு உப்பு இல்லை. அதில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் காற்றின் ஈரத்தை இழுத்து நீராகக் கரையும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். முட்டத்திலும் குளச்சலிலும் ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்குகிற நாள் எங்கே இருக்கிறது? ஆக, கண்ணுக்கு உலர்ந்ததாகத் தெரிகிற தகட்டின் மேலும் மெல்லிய உப்புநீர்ப் படலம் ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது. காலையில் மாடியில் நிற்கிற பைக்கின் சீட்டை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், தெரியும்.

இனி உறை. பகல் வெயிலில் உறைக்குள் காற்று சூடாகிறது, தரையில் இருக்கிற ஈரமும் ஆவியாகி உள்ளே ஏறுகிறது. ராத்திரி தகடு குளிர்ந்ததும் அந்த ஆவி தகட்டிலேயே முத்து முத்தாகப் பூக்கிறது. அங்கே ஏற்கெனவே உப்பு இருக்கிறது. வெளியே போக வழியில்லை. திறந்து கிடந்தாலாவது மழை கழுவும், காற்று உலர்த்தும். என் சொந்தக் கிரில்லையே இப்படித்தான் கெடுத்தேன். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்து கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் எங்கள் தெருவுக்கே அதில்தான் கட்டன் சாயா போட்டோம். அந்தப் பாசத்தில், அடுத்த எடவப்பாதிக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு முன் புது உறை வாங்கி, அடியில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி வைத்தேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. திறந்தபோது உள்பக்கம் புளித்த மணம். நடு பர்னர் குழாய் அடிப்பக்கம் நீளவாக்கில் பிளந்து கிடந்தது. அதைவிட மோசமாக எங்கள் வீட்டு விருந்தன்றைக்கு ஒன்று நடந்தது, அதைப் பர்னர் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

ஆகவே உறையைத் தூக்கி எறிய வேண்டாம், போடும் விதத்தை மாற்றுங்கள். கிரில் முழுக்க ஆறிய பிறகே போட வேண்டும். தரை வரை இழுக்காதீர்கள். சக்கரத்துக்கு மேல் ஒரு சாண் விட்டு நிற்கட்டும், அதன் வழியாகக் காற்று உள்ளே போகட்டும். பக்கவாட்டில் காற்றுத் துளை இல்லாத உறை என்றால், மழை நேரே விழாத இடத்தில் இரண்டு துளை போட்டு வலைத்துணி தைத்துக்கொள்ளுங்கள். மழையில்லாத நாளில் காலை பத்து மணிக்குக் கழற்றிச் சுவரில் தொங்கவிட்டு, வெயில் இறங்கும்போது திரும்பப் போடுங்கள். வெயில் உங்களுக்கு எதிரி இல்லை என்று சொன்னேனே, அதை இப்படித்தான் வேலை வாங்க வேண்டும். தினமும் முடியாதென்றால் வாரத்துக்கு இரண்டு தடவை.

கழுவுவதில்தான் நம்மவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுகிறார்கள். வள்ளத்தில் போகிற என் கூட்டுக்காரன் ஒருவன் என் துருப்பிடித்த கிரில்லைப் பார்த்துவிட்டு, "ஏ மக்கா, நாங்க கரை ஏறின உடனே மோட்டருக்கு நல்லதண்ணி குடுக்காம வீட்டுக்குப் போவமா? நீ இதுக்கு என்னைக்காவது ஒரு கோப்பை தண்ணி குடுத்தியா?" என்று கேட்டான். பதில் சொல்ல வாய் வரவில்லை. அவன் சொன்னதுதான் மொத்த வைத்தியமும். வாரம் ஒரு முறை, தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் வாரம் இரு முறை, மூடி, கால், பக்கப் பலகை, பின்பக்கத் தகடு எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றியெடுங்கள். ஐந்து நிமிட வேலை.

நல்ல தண்ணீர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கடலோர ஊர்களில் பல வீட்டுப் போர் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும். அதைக் குழாய் வைத்து அடித்துக் கழுவினால், உப்பைக் கழுவி உப்பைப் பூசின கதைதான். குடிக்கிற தண்ணீர் இரண்டு செம்பு போதும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்தால் இன்னும் நல்லது.

"எவர்சில்வர்தானே, அது எப்படித் துருப்பிடிக்கும்?" என்று கேட்காத ஆள் இல்லை. எவர்சில்வர் என்று நாம் பேர் வைத்துவிட்டோம், அது பேருக்குக் கட்டுப்பட்டு நடப்பதில்லை. அதன் மேல் இருக்கிற குரோமியம் ஆக்சைடு படலம்தான் அதைக் காக்கிறது. உப்பில் இருக்கிற குளோரைடு அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகக் குத்தி உடைக்கும். 304 என்கிற வகையில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316-ல் இவற்றோடு இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினமும் உண்டு. கடலோரத்துக்கு ஏற்றது அதுதான். விலை குறைந்த கிரில்களில் 430 என்கிற, நிக்கல் இல்லாத வகையைப் போடுவார்கள். வீட்டில் பழைய ஸ்பீக்கர் காந்தம் இருந்தால் மூடியில் வைத்துப் பாருங்கள். டப்பென்று ஒட்டினால் 430 அல்லது அதுபோன்ற ஒன்று. ஒட்டாமல் வழுக்கினால், அல்லது வளைத்த மூலைகளில் மட்டும் லேசாக இழுத்தால் 304 ஆக இருக்க வாய்ப்பு அதிகம். மணவாளக்குறிச்சிப் பக்கம் இருப்பவர்கள் காந்தத்தைத் துடைத்துவிட்டு வையுங்கள், மணலில் வைத்து எடுத்த காந்தமென்றால் கருமணல் மீசை முளைத்திருக்கும். அது தகட்டைக் கீறும்.

மூடியில் தேயிலைக் கறை மாதிரிப் பழுப்புப் புள்ளிகள் வந்திருந்தால் பயப்பட வேண்டாம். அது மேலோடு நிற்கிற கறைதான். சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து, தகட்டின் கோடு ஓடுகிற திசையிலேயே மெல்லத் தேய்த்தால் போய்விடும். இரும்பு நார் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து உதிர்கிற இரும்புத் துகள் தகட்டில் பதிந்து அங்கிருந்தே புதுத் துரு கிளம்பும். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஊற்றித் தேய்த்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பத்து நிமிடத்துக்குப் பளிச்சென்று இருக்கும், பத்தாவது நாள் தகடு அம்மை போட்ட முகம்.

கால்களும் திருகாணிகளும் வேறு கதை. அவை பெரும்பாலும் பெயிண்ட் பூசின சாதா இரும்பு. பூச்சு எங்கே பெயர்ந்ததோ அங்கே உப்பு புகுந்து அடியோடு போகும். உப்புத்தாளால் துருவைச் சுரண்டி, துடைத்து உலரவிட்டு, பைக் சைலன்சருக்கு அடிக்கிற சூடு தாங்கும் கறுப்பு பெயிண்டை இரண்டு கோட் அடியுங்கள். வெளிப்பக்கத்துக்கு மட்டும். மீன் படுகிற கம்பிக்கோ மூடியின் உள்பக்கத்துக்கோ எந்த பெயிண்டும் கூடாது. திருகாணிகளை ஒவ்வொன்றாக 316-க்கு மாற்றிவிடுங்கள்; மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி வள்ளத்துச் சாமான் விற்கிற கடைகளில் கேட்டுப் பாருங்கள். மாட்டும்போது மரையில் ஒரு சொட்டு கிரீஸ் வைத்தால் அடுத்த வருடம் ஸ்பானர் சொன்னபடி கேட்கும். சூடு படுகிற உள்பக்கத்தில் ஜி.ஐ. என்கிற துத்தநாகம் பூசின திருகாணி போடக் கூடாது, துத்தநாகப் புகை நல்லதில்லை.

மீன் சுடுகிற கம்பி வார்ப்பிரும்பா? தூக்கிப் பார்த்தாலே கனத்தில் தெரிந்துவிடும். வார்ப்பிரும்பென்றால் தோசைக்கல்லைப் பழக்குவது மாதிரிதான், எண்ணெய் தடவிச் சுட்டுச் சுட்டுப் பழக்க வேண்டும். இங்கே நம்மவர்கள் தேங்காயெண்ணெயைத் தடவிவிடுவார்கள். ஈத்தாமொழித் தேங்காயில் ஆட்டின எண்ணெயே ஆனாலும் அது இந்த வேலைக்கு ஆகாது. தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைகொழுப்பு. அது சூட்டில் இறுகிப் படலமாகாது, பிசுபிசுவென்று நின்று கொஞ்ச நாளில் சிக்கு மணம் அடிக்கும். நல்லெண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய் காய்ந்து இறுகும். என் அம்மை தோசைக்கல்லுக்கு நல்லெண்ணெய் தவிர வேறெதையும் தொடவிடாததன் காரணம் எனக்கு நாற்பது வயதில்தான் புரிந்தது. தேங்காயெண்ணெயை மீனில் தடவுங்கள், அங்கே அதை அடிக்க ஆளில்லை.

சுட்டு முடித்தபின் என்ன செய்வது என்பதில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, அடுப்பைக் கூட்டிவைத்து எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடு என்கும். மற்றது, எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருக்கட்டும், அது கம்பிக்குக் காவல், அடுத்த தடவை எரித்துக்கொள்ளலாம் என்கும். உள்நாட்டு ஊர்களில் இரண்டாவது கட்சி சரி. நம் கடலோரத்தில் நான் இரண்டையும் கலந்து செய்கிறேன். நாம் அயிலையோ வாவலோ நெய்மீன் துண்டோ சுடும்போது உப்பு, மஞ்சள், நல்லமிளகு, எலுமிச்சைச் சாறு என்று பிசறி வைக்கிறோம். அந்த உப்பும் புளிப்பும் கம்பியிலேயே தங்கினால் விடிவதற்குள் அரிக்கத் தொடங்கும். அதனால் மீனை எடுத்ததும் பத்து நிமிடம் மூடி போட்டு முழுத் தீயில் எரித்து, அணைத்து, இளஞ்சூட்டில் கதம்பையை (தேங்காய் மட்டை நார்) நனைத்துத் தேய்த்து, உலர்ந்ததும் நல்லெண்ணெய் தோய்த்த துணியால் ஒரு இழுப்பு. கதம்பை இருக்க, கம்பி பிரஷ் எதற்கு? அதன் முள் உதிர்ந்து மீனோடு தொண்டைக்குப் போன சம்பவங்கள் உலகம் முழுக்க உண்டு.

அடியில் இருக்கிற எண்ணெய்த் தட்டையும் மறந்துவிடாதீர்கள். சாளை, அயிலை மாதிரி நெய்ப்பிடிப்பான மீன் சொட்டுகிற எண்ணெய் அங்கே கட்டியாகி, ஒருநாள் அதுவே பற்றிக்கொள்ளும். பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. பர்னரை அடைத்து, சிலிண்டரை அடைத்து, மூடியை இறக்கி விலகி நில்லுங்கள். தட்டில் அலுமினியத் தாள் விரிக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். தாளுக்கடியில் உப்புநீர் தேங்கித் தட்டே ஓட்டையாகும்.

இப்போது உங்கள் மஞ்சள் தீ. கடலோரத்தில் இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம், ஒன்று வெறும் வேடிக்கை, மற்றது ஆபத்து. பர்னர் மேல் உப்புத்தூள் படிந்திருந்தால் உப்பில் இருக்கிற சோடியம் தீயை ஆரஞ்சு மஞ்சளாகக் காட்டும். கல்லுப்பை அடுப்பில் தூவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தத் தீ குட்டையாக, விறைப்பாக, படபடவென்று இருக்கும். பாத்திரத்தில் கரி பிடிக்காது. காற்றுப் போதாமல் வருகிற மஞ்சள் தீ அப்படியில்லை. நீளமாக, சோம்பேறித்தனமாக நெளியும், கம்பியில் கரி அப்பும். ஒரு பர்னர் மட்டும் அப்படி எரிகிறது என்கிறீர்கள், அதனால் இரண்டாவதாக இருக்கத்தான் வாய்ப்பு.

என் வீட்டு விருந்துக் கதை இதுதான். பிளந்த பர்னரை மாற்றிவிட்டு, மற்ற இரண்டையும் திறந்துகூடப் பார்க்காமல், தங்கச்சி மகளின் புதுநன்மைக்கு (முதல் நற்கருணை) வந்த சொந்தக்காரர்களுக்கு நெய்மீன் சுடப் பற்றவைத்தேன். இடது பர்னர் மேலே சரியாக எரியவில்லை. குமிழைக் கூட்டினேன். புஸ்ஸென்று பலகைக்குப் பின்னாலிருந்து, குமிழ்களுக்கு அடியில், தீ நாக்கு நீட்டியது. கையில் மயிர் கருகியதோடு தப்பித்தேன். குமிழ் மெழுகுவர்த்தி மாதிரி உருகி வழிந்தது. ஆறினபிறகு கழற்றிப் பார்த்தால் பர்னர் குழாயின் வாய்க்குள் விரல் நீளத்துக்கு மண்குளவிக் கூடு.

நடந்தது என்னவென்றால், குமிழுக்குப் பின்னால் இருக்கிற சின்ன ஜெட்டிலிருந்து கேஸ் பாய்ந்து பர்னர் குழாயின் வாய்க்குள் போகிறது. போகும்போதே அங்கேயுள்ள சன்னல் வழியாகக் காற்றையும் இழுத்துக்கொள்கிறது. குழாய் அடைத்திருந்தால் கேஸ் உள்ளே போக முடியாமல் வாயிலேயே பின்வாங்கி வெளியே கொட்டுகிறது, அங்கேயே பற்றிக்கொள்கிறது. குளவிக்கூடு வேண்டும் என்பதில்லை, ஒரு சிலந்தி வலையே போதும். நம் ஊரில் மாதக்கணக்கில் மூடிக்கிடந்த கிரில்லை அப்படியே பற்றவைப்பது, திறந்து பார்க்காமல் செருப்புக்குள் கால் விடுவதுபோல.

சிலிண்டரைக் கழற்றிவிட்டு பர்னர்களை வெளியே எடுங்கள். பெரும்பாலும் பின்பக்கம் ஒரு கொக்கியோ திருகாணியோதான் இருக்கும். வாய்ப்பக்கமிருந்து பாட்டில் கழுவுகிற நீளப் பிரஷ்ஷை விட்டு இழுங்கள். வரிசையாக இருக்கிற தீத் துளைகளை மெல்லிய கம்பியால் ஒவ்வொன்றாகத் திறந்துவிடுங்கள், பெரிதாக்காதீர்கள். பித்தளை ஜெட்டைச் சேஃப்டி பின் கொண்டு குத்தவே கூடாது. அதன் துளை மயிரிழை பெரிதானாலும் கேஸ் அளவு மாறித் தீ திரும்ப மஞ்சளாகும். ஊதிவிட்டால் போதும். குழாயைத் தண்ணீரில் கழுவினால் வெயிலில் நன்றாக உலர்த்திவிட்டு மாட்டுங்கள். மாட்டும்போது ஒவ்வொரு குழாயின் வாயும் ஜெட்டின் மேல் சரியாக உட்கார்ந்ததா என்று குனிந்து பாருங்கள், பலர் இங்கேதான் தவறவிடுகிறார்கள். குழாயில் துளைகளைத் தவிர வேறெங்காவது ஓட்டையோ பிளவோ இருந்தால் ஒட்டுப்போடுகிற யோசனை வேண்டாம், மாற்றுங்கள். கம்பெனி பாகம் கிடைக்காவிட்டால் சுடுகிற கம்பியை மட்டும் நாகர்கோவில் கோணம் பக்கம் ஏதாவது பட்டறையில் 304 கம்பியில் வெல்டிங் வைத்து வாங்கலாம். பர்னரைப் பட்டறையில் செய்யக் கொடுக்காதீர்கள்.

வெயில் உண்மையிலேயே கெடுக்கிற சாமான்கள் சில உண்டு, உங்கள் ஷீட் உதவப்போவது அங்கேதான். கேஸ் டியூப், பிளாஸ்டிக் குமிழ், உறை, சிலிண்டர். ரப்பர் டியூப் வெயிலில் விறைத்து மேலே மெல்லிய கீறல் விழும். மடக்கிப் பார்த்தால் கீறல் வாய் திறக்கும்; திறந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். அடுக்களைக்குள் ஐந்து வருடம் வரை வைக்கிற டியூபை மாடியில் நான் இரண்டு வருடத்துக்கு மேல் விடுவதில்லை. கிரில்லின் சூடான அடிப்பெட்டியை அது தொடாமல் போக வேண்டும்.

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து, நிழலில், காற்றோட்டமாக. மாடிப்படி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தக் கூடாது, மரப்பெட்டி செய்து மூடவும் கூடாது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். ஈரத் தரையில் நேரடியாக வைத்தால் அடிவளையம் துருப்பிடிக்கும், ஒரு பலகைத் துண்டின் மேல் நிறுத்துங்கள். ஒவ்வொரு தடவை சிலிண்டர் மாட்டும்போதும் சோப்பு நுரையை ரெகுலேட்டர், டியூப் முனைகள், வால்வு எல்லாவற்றிலும் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. நம் ஊர்க்காரர் சிலர் தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிறார்கள், அவர்களுக்குக் கும்பிடு. கசிவு நிற்காவிட்டால் 1906-க்குக் கூப்பிடலாம், அது எல்.பி.ஜி. கசிவுக்கான அவசர எண்.

வெயிலில் இன்னொரு ஆபத்து உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. உச்சி வெயிலில் நீலத் தீ கண்ணுக்குத் தெரியாது. பற்றவில்லை என்று நினைத்துக் குமிழைத் திருகிக்கொண்டே இருப்பார்கள், அல்லது அணைந்ததை அறியாமல் கேஸ் ஓடவிட்டு மூடியை இறக்குவார்கள். மூடி திறந்தபடிதான் பற்றவைக்க வேண்டும். மேலே ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டிச் சூடு வருகிறதா என்று பாருங்கள். ஐந்தாறு விநாடியில் பிடிக்காவிட்டால் அடைத்து, ஐந்து நிமிடம் காற்றாட விட்டு, பிறகு மறுபடி. ஷீட்டின் நிழல் இருந்தால் தீ தெரியும். ஆனால் ஷீட் நல்ல உயரத்தில், பக்கங்கள் திறந்து இருக்கட்டும். ஓலைக் கூரைக்கு அடியில் இந்த வேலையே வேண்டாம். பட்டனை அழுத்தினால் பொறி வருகிற வகையென்றால், மழைக்காலத்துக்கு முன் பேட்டரியைக் கழற்றி உள்ளே வையுங்கள்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடி சுற்றுகிற அதே மாதங்களில் முட்டத்து மாடியிலும் கடற்பக்கமிருந்து விடாமல் அடிக்கும். கிரில்லின் பின்பக்கத்தில் சூடு வெளியேற நீளத் திறப்பு இருக்கும். காற்று அதற்குள் நேராக அடித்தால் சூடு முன்பக்கம் தள்ளப்பட்டுக் குமிழ்கள் வழியாக வெளியேறப் பார்க்கும். கடலைப் பார்த்து நின்று சுடுவது நமக்கு ஆசைதான், ஆனால் அப்போது கிரில்லின் முதுகு கடலுக்கு நேரே நிற்கும். காற்று பக்கவாட்டில் வருகிற மாதிரித் திருப்பி, கைப்பிடிச் சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி நிறுத்துங்கள். சக்கரப் பூட்டைப் போட மறக்க வேண்டாம்.

வருடக் கணக்கென்றால், மே கடைசியில், எடவப்பாதிக்கு முன் முழுக்கக் கழற்றி ஒரு சுத்தம். செப்டம்பர் முடிவில் குளவி, சிலந்தி பார்க்க ஒரு தடவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இடிமழை. சாயங்காலம் வானம் கறுத்தால் சிலிண்டரை அடைத்துவிட்டுக் கீழே இறங்கிவிடுங்கள். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் சுடப்போவதில்லை என்றால் கம்பிகளையும் பர்னர்களையும் எண்ணெய் தடவிப் பழைய பத்திரிகையில் சுற்றி வீட்டுக்குள் வைத்துவிடலாம். வெறும் கூட்டை மட்டும் மாடியில் விடுங்கள். இப்படிப் பார்த்துக்கொண்ட 304 கிரில் ஒன்று குளச்சலில் ஒரு வீட்டில் ஆறாவது வருடமாக எரிகிறது. பெயிண்ட் அடித்த சாதாத் தகடென்றால் மூன்று நான்கு வருடம் கிடைத்தாலே லாபம்.

உங்கள் கிரில்லைக் காப்பாற்றலாமா என்பதற்கு ஒரே சோதனை. எண்ணெய்த் தட்டை வெளியே இழுத்துவிட்டு, உச்சி வெயிலில் கம்பி, பர்னர் எல்லாம் எடுத்த அடிப்பெட்டியைக் கீழிருந்து மேலே பாருங்கள். தட்டுக்கான துவாரம் தவிர வேறெங்காவது ஊசி ஊசியாக வெளிச்சம் தெரிந்தால் பெட்டி போய்விட்டது, அதில் காசு போடாதீர்கள். தெரியாவிட்டால் கால், திருகாணி, பர்னர் மூன்றையும் கவனித்தால் போதும்.

ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. துபாயிலிருந்து வந்த கிரில்லுக்கு இங்கே எந்த ரெகுலேட்டர் மாட்டியிருக்கிறீர்கள்? அங்கத்து ரெகுலேட்டர் நம் சிலிண்டர் வால்வில் உட்காராமல் போயிருந்தால், டியூபை வெட்டி ஏதோ ஒன்றைச் சொருகியிருப்பீர்கள். நம் வீட்டு 14.2 கிலோ சிலிண்டருக்கான சாதா ரெகுலேட்டர் 30 மில்லிபார் அளவில் விடும். ஓட்டல்காரர்கள் வைக்கிற, திருகித் திருகிக் கூட்டுகிற அதிக அழுத்த ரெகுலேட்டர் மாட்டியிருந்தால் மஞ்சள் தீக்கு அதுவும் காரணமாக இருக்கலாம், இன்றைக்கே கழற்றிவிடுங்கள். கிரில்லின் பின்பக்கமோ கதவின் உள்பக்கமோ ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கும். அதில் கேஸ் வகையும் மில்லிபார் கணக்கும் அச்சடித்திருக்கும். துருவில் மறைந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் படித்துச் சொல்லுங்கள், மற்றதை அதற்குப் பிறகு பேசலாம்.